ரேவன் – டாமி ட்ரீமர் பகை: பார்க்கும் வரிசை சரிபார்க்க உதவி வேண்டும்

இசிடபிள்யூ என்ற அன்றைய அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்த நிறுவனத்துக்குப் புதிதாக வருபவர்களுக்காக, அதன் வீரர்களான ரேவன் – ட்ரீமர் மோதலின் முழு வரிசையையும் தொகுக்கிறோம். கட்டணக் காட்சிகளை (தனியாகப் பணம் கட்டிப் பார்க்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை) மட்டும் பார்த்தால் இந்தப் பகை புரியவே புரியாது. முதல் கட்டணக் காட்சியே 1997 ஏப்ரல் 13-இல்தான். இவர்கள் மோதத் தொடங்கியது 1995-இல். இருவரும் சிறுவயதில் ஒரே கோடை முகாமில் இருந்ததாகச் சொல்லும் கதை, அந்த முகாமில் இருந்தவளாக பியூலா என்ற பெண் வருவது எல்லாம் இசிடபிள்யூவின் வாராந்திர நிகழ்ச்சியான ஹார்ட்கோர் டிவியில் சிதறிக் கிடக்கின்றன.

சிக்கல் தேதியில். ஃபிலடெல்பியா அரங்கில் ஒரே இரவில் படமாக்கியதைப் பல வாரங்களுக்குப் பிரித்துப் போட்டார்கள். போட்டி நாளையும் ஒளிபரப்பு நாளையும் கலந்து எழுதினால் வரிசையே குலைந்துவிடும். ஆகவே இரண்டையும் தனித்தனியாகத் தாருங்கள். கூடவே எத்தனையாவது நிமிடம், முழுப் போட்டியா வெட்டியதா என்பதையும்.

பகையின் முடிவு 1997 ஜூன் 6, ரெஸ்ஸில்பலூசா என்ற இசிடபிள்யூ நிகழ்ச்சியில். தோற்றவர் வெளியேற வேண்டிய போட்டி. ட்ரீமர் ரேவனை முதன்முறையாக வீழ்த்திய இரவு. கொண்டாட்டத்தின் நடுவே விளக்கணைந்து, மீண்டும் எரியும்போது வளையத்துக்குள் போட்டி நிறுவனமான டபிள்யூடபிள்யூஎஃப்பின் ஜெரி லாலர்! அடுத்த பகைக்கு அதுதான் வாசல், வெட்டிவிடாதீர்கள்.

பிற்கால வெளியீடுகளில் நுழைவுப் பாடல்களை மாற்றியபோது கூட்டத்தின் இரைச்சலும் அமுங்கிப் போனது. அசல் ஒலியுள்ள பதிப்பை வைத்திருப்பவர்கள் அதன் மொத்த நேரத்தைக் குறிப்பிட்டால் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். 1995-ஆம் ஆண்டுப் பகுதிகள்தான் இப்போது அவசரம்.