பரங்கிக் கொடியில் புல் மருந்து அடித்த பின் கொழுந்து முறுக்கிக்கொள்கிறது: நச்சுயிரியா, மருந்தா?

கேள்வி: ஆனேக்கலிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூரில் குடியிருக்கும் நான், ஆனேக்கல் பக்கம் இரண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, இந்த ஆண்டு முதன்முறையாகப் பரங்கி பயிரிட்டிருக்கிறேன். 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் குழி எடுத்து, சொட்டுநீர்க் குழாய் இழுத்து, அர்க்கா சந்தன் ரக விதையை ஊன்றி இன்றோடு 26 நாட்கள் ஆகின்றன. ஊன்றிய வாரத்திலேயே நல்ல மழை பெய்ததால் பயிரைக் களை முந்திக்கொண்டது. கோரை, சாரணை, பார்த்தீனியம், அவற்றுக்கிடையே பலவகைப் புற்கள் என்று குழிகளே தெரியாத அளவுக்கு மண்டிவிட்டன. ஆள் கூலி ஒரு நாளைக்கு 500 ரூபாய். அதைக் கொடுக்க முன்வந்தாலும் நடவு நேரத்தில் ஆள் கிடைப்பதில்லை.

அகன்ற இலைச் செடியை ஒன்றும் செய்யாது, புல்லை மட்டும் கொல்லும் என்று கடையில் சொன்னதை நம்பி, க்விசலோஃபாப் 5 சதவீத மருந்தை 15 லிட்டர் டேங்குக்கு 30 மில்லி கணக்கில் கலந்து, 20ஆம் நாள் ஒரு ஏக்கரில் மட்டும் பயிரின் மேலேயே அடித்தேன். தெளிப்பானைப் பக்கத்து நிலத்து ராகி விவசாயியிடம் இரவல் வாங்கியிருந்தேன். நான்காம் நாளிலிருந்து கிழக்கு மூலையில் ஏறத்தாழ 140 குழிகளில் கொழுந்து கீழ்நோக்கி முறுக்கிக்கொள்கிறது. புதிய இலைகள் விசிறி மடித்ததுபோல் குறுகி, நரம்புகள் நெருக்கமாக ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. சில செடிகளில் தண்டு தடித்து வெடித்திருக்கிறது. தண்டைப் பார்த்த ஒருவர், இது நச்சுயிரி (வைரஸ்) நோய், உடனே அத்தனையையும் பிடுங்கி எரித்துவிடுங்கள் என்கிறார். மனம் கேட்கவில்லை. இது நோய்தானா? கோரையையும் சாரணையையும் இனி எந்த மருந்தால் அடக்குவது? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

பதில்: ஹொசகோட்டை, காய்கறி விவசாயி

ஐயா, எதையும் பிடுங்க வேண்டாம். முதலில் மூன்று விவரங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். முதலாவது, மருந்தை எந்த மூலையிலிருந்து அடிக்கத் தொடங்கினீர்கள், முதல் டேங்க் எங்கே தீர்ந்தது, இரண்டாவது எங்கே தீர்ந்தது என்பது. இரண்டாவது, பாதிக்கப்பட்ட இடத்தில் நிற்கும் சாரணையும் பார்த்தீனியமும் எப்படி இருக்கின்றன என்பது. அவையும் வளைந்து முறுக்கியிருந்தால் விடை பாதி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, அந்த ராகி விவசாயி அதே தெளிப்பானில் கடைசியாக என்ன மருந்து அடித்தார் என்பது.

க்விசலோஃபாப் புல்லை மட்டுமே கொல்லும் என்று கடையில் சொன்னது உண்மைதான். அது பரங்கியின் கொழுந்தை முறுக்காது. ஒரு வாரம் பத்து நாளில் புல்லின் நடுக்குருத்தை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதி அழுகி, தனியாகக் கையோடு வந்துவிடும். அந்த மருந்தின் அடையாளம் அது. நீங்கள் சொல்லும் விசிறி இலையும் வெடித்த தண்டும் வேறு ஒரு மருந்தின் அடையாளங்கள். பெயரை நீங்கள் விசாரித்து வந்த பிறகு சொல்கிறேன்.

பதில்: கே.ஆர். புரம், மாடித் தோட்டக்காரர்

பரங்கியில் வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் இங்கே மிகவும் அதிகம். எனக்கு மூன்று கொடிகள் அப்படித்தான் போயின. இலையின் அடிப்பக்கத்தில் வெள்ளை ஈ இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

இன்று காலை முழுவதும் வயலில் நின்று பார்த்தேன். அடிக்கத் தொடங்கியது கிழக்கு மூலையிலேதான். முதல் டேங்க் தீர்ந்த இடம் வரை பாதிப்பு மிகக் கடுமையாக இருக்கிறது. இரண்டாவது டேங்க் பட்ட இடத்தில் கொழுந்து சற்றே வளைந்திருக்கிறது. மூன்றாவது டேங்கிலிருந்து செடிகள் பச்சையாக, நேராக நிற்கின்றன. சாரணையும் பார்த்தீனியமும் முதல் டேங்க் பட்ட இடத்தில் மட்டும் கழுத்து முறிந்தவைபோல் வளைந்திருக்கின்றன. வெள்ளை ஈ அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிறது. நரம்பில் மஞ்சள் எங்கும் தெரியவில்லை.

பக்கத்து நிலத்துக்காரர் மறைக்காமல் சொல்லிவிட்டார். எனக்குத் தெளிப்பானைக் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பு, ராகியில் அகன்ற இலைக் களைக்காக 2,4-டி சோடியம் உப்பு, 80 சதவீதத் தூள், அடித்திருக்கிறார். ஒருமுறை தண்ணீர் ஊற்றிக் கழுவித்தான் கொடுத்தாராம். நான் வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தபோது அடியில் வெள்ளையாகத் தூள் காய்ந்து ஒட்டியிருந்தது.

பதில்: ஹொசகோட்டை, காய்கறி விவசாயி

நான் சந்தேகப்பட்டதும் அந்த மருந்தையே. ஐயா, இது நோய் இல்லை. நோயாக இருந்தால் வயலெங்கும் ஆங்காங்கே ஒரு செடி, நாளை இன்னொரு செடி என்று பரவும். டேங்க் கணக்கில் எல்லை போட்டு நிற்காது. பரங்கியைத் தாக்கும் நச்சுயிரி அதே நாளில் சாரணையையும் பார்த்தீனியத்தையும் சேர்த்து முறுக்காது. முதல் டேங்கில் கடுமை, இரண்டாவதில் குறைவு, மூன்றாவதில் இல்லை என்ற வரிசை, தெளிப்பானுக்குள் ஒட்டியிருந்த மிச்சம் கரைந்து கரைந்து தீர்ந்ததைக் காட்டுகிறது.

2,4-டி என்பது செடியின் வளர்ச்சி ஊக்கியான ஆக்சினைப் போலவே நடிக்கும் மருந்து. ராகி, மக்காச்சோளம் போன்ற புல் இனப் பயிர்கள் அதைத் தாங்கிக்கொள்கின்றன. அகன்ற இலைச் செடியில் அது கட்டுப்பாடில்லாத வளர்ச்சியைத் தூண்டுவதால், கொழுந்து முறுக்கி, தண்டு வீங்கி வெடிக்கிறது. பரங்கி, வெள்ளரி, சுரை, தக்காளி, பருத்தி, திராட்சை ஆகியவை இதனால் மிக எளிதில் பாதிக்கப்படுபவை. வடிகட்டியில் ஒட்டிய தூளே போதும் என்பதை உங்கள் வயலே காட்டுகிறது. இது உங்கள் தவறு மட்டும் இல்லை. நம் ஊர்களில் ஒரே தெளிப்பானைப் பூச்சி மருந்துக்கும் களை மருந்துக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் வழக்கம் இருக்கும் வரை இது எல்லார் வயலிலும் நடக்கும்.

பதில்: தேவனஹள்ளி, திராட்சைத் தோட்டம்

மேலே சொன்னதை நானும் வலியோடு உறுதிப்படுத்துகிறேன். எங்கள் ஊரில் காற்றடிக்கும் நண்பகலில் அடுத்த நிலத்தில் இந்த மருந்தை அடித்தபோது, வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த என் திராட்சையின் இளம் இலைகள் அனைத்தும் இதேபோல் விசிறியாகிவிட்டன. அது 2,4-டியின் எஸ்டர் வகை. சோடியம் உப்பை விட அது எளிதில் ஆவியாகிக் காற்றில் நகரும். பக்கத்து ராகிக்காரரிடம் பகை வேண்டாம். அடுத்த முறை அடிக்கும் நாளை முன்கூட்டியே சொல்லும்படியும், எஸ்டர் வகையை வாங்க வேண்டாமென்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில்: கோலார், விவசாயி

கோரைக்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. கைத்தெளிப்பானின் முனையில் ஒரு தகரக் கூம்பை மாட்டிக்கொண்டு, குழிகளுக்கு நடுவே, பச்சையாக நிற்கும் எதையும் கொல்லும் கிளைஃபோசேட் களை மருந்தை அடியுங்கள். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பதில்: ஹெப்பாள், ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்

கோலார் நண்பர் நல்லெண்ணத்தில் சொல்கிறார், ஆயினும் இந்த இழையை வேறு பலரும் படிப்பார்கள் என்பதால் அதை மறுத்து எழுதுவது என் கடமை. கிளைஃபோசேட்டுக்கு நம் நாட்டில் தேயிலைத் தோட்டத்திலும் பயிரில்லாத நிலத்திலும்தான் அனுமதி உண்டு. 2022 அக்டோபரில் மத்திய வேளாண் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை, அதைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலமாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். 26 நாள் பரங்கிக் கொடி ஓடத் தொடங்கும் பருவம். கூம்பின் அடியில் ஒரு கொடி நுனி அகப்பட்டாலும் மருந்து செடிக்குள் பயணித்து வேர் வரை இறங்கிவிடும். பாராகுவாட் என்ற களை மருந்தை இன்னொருவர் சொல்வதற்கு முன் அதையும் சொல்லிவிடுகிறேன்: அதை விழுங்கியவருக்கு நச்சு முறிவு மருந்து கிடையாது. பிள்ளைகள் வந்துபோகும் தோட்டத்துக்குள் அதைக் கொண்டுவராதீர்கள்.

கேள்வி கேட்டவரின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கோரை புல் இல்லை. அதன் தண்டை விரல்களால் உருட்டிப் பாருங்கள், மூன்று விளிம்புகள் தெரியும். ஆகவே க்விசலோஃபாப் அதை ஒன்றும் செய்யாது, சாரணையையும் செய்யாது. அந்த மருந்தோடு வரும், எந்தப் பயிருக்கு அடிக்கலாம் என்று சொல்லும் தாளில் சோயா, பருத்தி, நிலக்கடலை, உளுந்து, வெங்காயம் ஆகிய பயிர்கள்தான் இருக்கின்றன என்பதையும் மனத்தில் வையுங்கள். தாளில் இல்லாத பயிரில் அடித்தால் நட்டத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பரங்கி முளைத்து நிற்கும்போது அதன் மேலேயே அடித்து அகன்ற இலைக் களையை மட்டும் கொல்வதற்கு, நான் உங்களுக்குத் துணிந்து சொல்லக்கூடிய மருந்து இல்லை. பரங்கியே அகன்ற இலைச் செடி என்பதுதான் அடிப்படைக் காரணம்.

கோரைக்கு ஹாலோசல்ஃப்யூரான் என்ற மருந்து கரும்பில் பயன்படுகிறது. அமெரிக்காவில் பரங்கிக்கும் அதற்கு அனுமதி உண்டு. அங்கேயே அது சில சமயம் செடியைச் சில நாட்கள் மஞ்சளாக்கிக் குறுக வைக்கும். அடித்த நிலத்தில் முட்டைக்கோஸ், பீட்ரூட் போன்றவற்றை ஓராண்டுக்கும் மேலாகப் போட முடியாது என்ற நிபந்தனையும் அந்தத் தாளில் இருக்கிறது. குத்தகை நிலத்தில் அடுத்த பயிரையும் யோசிக்க வேண்டிய உங்களுக்கு அது பொருந்தாது.

கேள்வி கேட்டவர்

ஐயா, மிக்க நன்றி. அப்படியானால் இந்தப் பருவத்துக்குக் கைக்களைதான் வழியா? பாதிக்கப்பட்ட 140 குழிகளை என்ன செய்வது?

பதில்: ஹெப்பாள், ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்

ஆம், இந்தப் பருவத்துக்குக் கையும் களைக்கொத்தும்தான்; ஆனால் இரண்டு ஏக்கர் முழுவதையும் ஒரே சீராகக் களையெடுக்க வேண்டியதில்லை. பரங்கிக்கு முதல் நான்கு முதல் ஆறு வாரங்கள்தான் உயிர்நாடி. அதற்குள் கொடி தரையை மூடிவிட்டால் அதன் நிழலே மீதியைப் பார்த்துக்கொள்ளும். நிழலைத் தாங்காத களைகளில் கோரையும் ஒன்று. உங்களுக்கு இன்னும் இரண்டு வாரங்கள் இருக்கின்றன. முதலில் ஒவ்வொரு குழியையும் சுற்றி ஒரு முழ அகலத்துக்குக் கையால் பிடுங்குங்கள். அங்கே கொத்தை ஆழமாக இறக்காதீர்கள், பரங்கியின் உறிஞ்சு வேர்கள் மேல்மண்ணில்தான் படர்ந்திருக்கும். குழிகளுக்கு நடுவே கொடி வருவதற்குள் பவர் வீடர் என்ற சிறிய களையெடுக்கும் இயந்திரத்தை ஒருமுறை ஓட்டிவிட்டு, உடனே ராகி வைக்கோலை நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். வைக்கோல் சாரணையையும் பார்த்தீனியத்தையும் நன்றாக அடக்கும், பழம் மண்ணில் பட்டு அழுகாமலும் காக்கும். கோரை அதையும் துளைத்து வரும். பிளாஸ்டிக் மூடாக்கையே துளைக்கும் ஊசிமுனை அதற்கு. அதை இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை, புதிய கிழங்கு வைப்பதற்குள், கிழங்கோடு எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலான கிழங்குகள் மேல் அரை அடி மண்ணுக்குள்தான் இருக்கும்.

பாதிக்கப்பட்ட குழிகளில், தண்டு வெடித்துக் கொழுந்து கருகியவற்றை மட்டும் எடுத்துவிடுங்கள். கொழுந்து வளைந்து மட்டும் நிற்பவை இரண்டு மூன்று வாரங்களில் பக்கக் கிளை விடும். தண்ணீரைச் சீராகக் கொடுங்கள், தெம்பூட்டுவதாக நினைத்து யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். உருக்குலைந்த முதல் பிஞ்சுகளையும் பூக்களையும் கிள்ளிவிடுங்கள். அவற்றைச் சமைக்கவோ விற்கவோ வேண்டாம். எடுத்த குழிகளில் உடனே விதை ஊன்றாமல், அந்த மண்ணை நான்கு தொட்டிகளிலும், மருந்து படாத மண்ணை நான்கு தொட்டிகளிலும் நிரப்பி, இரண்டிலும் பரங்கி விதை போட்டு, மூன்று நான்கு இலை வரும் வரை ஒப்பிடுங்கள். 2,4-டி மண்ணில் நெடுநாள் தங்குவதில்லை. ஒரு வேளை அந்த நிலத்தில் முன்பு மக்காச்சோளம் போட்டு அட்ரசின் என்ற களை மருந்தை அடித்திருந்தால் அதையும் இந்தத் தொட்டிச் சோதனை காட்டிக்கொடுக்கும். அட்ரசின் பாதிப்பில் கொழுந்து முறுக்காது, அடியிலைகளின் ஓரம் மஞ்சளாகிக் காயும்.

அடுத்த பருவத்தில் விதைக்கும் முன்பே போரைத் தொடங்குங்கள். உழுது, குழி எடுத்து, சொட்டுநீர் விட்டு, களையை முளைக்க விடுங்கள். இரண்டு வாரத்தில் முளைத்ததை மேலோட்டமாகச் சுரண்டிக் கொன்றுவிட்டு, மண்ணை மறுபடி புரட்டாமல் விதையை ஊன்றுங்கள். புரட்டினால் அடியில் உறங்கும் விதைகள் மேலே வந்துவிடும். பென்டிமெத்தாலின் போன்ற முளைப்புக்கு முந்தைய மருந்து மேல்மண்ணில் மெல்லிய படலமாக நின்று, முளைக்கும் சிறு விதைகளைத்தான் கொல்லும். முளைத்த களையையும் கோரைக் கிழங்கையும் தொடாது, நேரடியாக ஊன்றிய பரங்கி விதைக்கு மேல் விழுந்தால் அதையும் கெடுக்கும். தாளில் உங்கள் பயிர் இருக்கிறதா என்பதை ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்திலோ, உங்கள் ஹோப்ளியின் (தாலுகாவின் உட்பிரிவின்) விவசாயிகள் தொடர்பு மையமான ரைத சம்பர்க்க கேந்திரத்திலோ கேட்காமல் வாங்காதீர்கள். கிசான் அழைப்பு மையம் 1800-180-1551 எண்ணில் தமிழிலும் பேசலாம்.

பதில்: ஹொசகோட்டை, காய்கறி விவசாயி

தெளிப்பானைப் பற்றி ஒன்று. தண்ணீரில் மூன்று முறை அலசி, பிறகு 15 லிட்டர் தண்ணீருக்கு 150 மில்லி வீட்டு உபயோக அம்மோனியா கலந்து, குழாய், முனை வரை நிரப்பி ஒரு இரவு ஊறவிட்டு, மறுநாள் மீண்டும் அலசுங்கள். வடிகட்டியையும் முனையையும் கழற்றித் தனியாக ஊறப்போடுங்கள். ப்ளீச்சிங் பவுடரை அதோடு சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். அந்தத் தண்ணீரைக் கிணற்றுப் பக்கமோ குட்டைப் பக்கமோ ஊற்றாமல், பயிரில்லாத வரப்பில் விடுங்கள். இத்தனையும் செய்த பிறகும் பரங்கிக்கு அந்தத் தெளிப்பானை நான் எடுக்க மாட்டேன். களை மருந்துக்கென்று தனித் தெளிப்பான் ஒன்று வாங்கி வைத்துவிட்டேன்.

கேள்வி கேட்டவர், 22 நாட்களுக்குப் பிறகு

தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும், களத்திலேயே நாட்கள் ஓடிவிட்டன. 140 குழிகளில் 52ஐ எடுத்துவிட்டேன். மீதி 88இல் 80 குழிகள் பக்கக் கிளை விட்டு, புதிய இலைகள் இயல்பான அகலத்தோடு வருகின்றன. எட்டுக் குழிகள் இன்னும் தயங்கி நிற்கின்றன. தொட்டிச் சோதனையில் இரண்டு மண்ணிலும் நாற்றுகள் ஒரே மாதிரி நேராக வளர்ந்ததால், நேற்று அந்த 52 குழிகளிலும் மீண்டும் விதை ஊன்றினேன். குழியைச் சுற்றிக் களையெடுக்க நான்கு பெண்கள் மூன்று நாட்கள் வந்தார்கள், வைக்கோலைப் பக்கத்து ராகிக்காரரே தன் வைக்கோற்போரிலிருந்து கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். மருந்து படாத பகுதியில் கொடிகள் நடுவழியில் கைகோக்கத் தொடங்கிவிட்டன. கோரை மட்டும் வைக்கோலைத் துளைத்துக்கொண்டு நிற்கிறது; வரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது முறையாகக் கிழங்கோடு எடுக்கப் போகிறோம்.