நுண்கலை மன்றத்தின் வரலாற்றை எழுதுதல்: மலர் சொல்வதும் பேரேடு சொல்வதும்

மன்றச் செயலர்:

வணக்கம். காரைக்குடிக்கு அருகில் உள்ள எங்கள் ஊரின் நுண்கலை மன்றத்துக்கு முறையான வரலாறு ஒன்றை எழுதும் பொறுப்பைச் செயற்குழு என்னிடம் ஒப்படைத்திருக்கிறது. வாயில் வளைவில் பொறித்துள்ள தொடக்க ஆண்டு ஒன்று, வெள்ளி விழா மலரில் அச்சான ஆண்டு வேறு. கூட்ட நடவடிக்கைக் குறிப்பேடுகள் பெரும்பாலும் கிடைக்கவில்லை. எஞ்சியிருப்பவை ஒரு மரப்பெட்டி நிறையப் பேரேடுகள், சில அழைப்பிதழ்கள், கச்சேரிகளை ஒலிப்பதிவு செய்த ஸ்பூல் நாடாக்கள் ஆகியவையே.

பேரேடுகளில் மிகப் பழையதன் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழிக்குக் கீழே 'சுபானு வருஷம் மார்கழி மாதம்' என்று தொடங்கி, முதல் வரவாக 'முன் ஏட்டுப்படி இருப்பு' என்று ஒரு தொகை எழுதப்பட்டிருக்கிறது. தொகைகள் பழைய தமிழ் எண்களில் உள்ளன. நன்கொடையாளர் எவருக்கும் முழுப்பெயர் இல்லை. விலாசம் (முகவரி அன்று, தொழிலில் வழங்கும் குடும்ப முன்னெழுத்துகள்) மட்டுமே இருக்கிறது. காரைக்குடி வீணைச் சகோதரர்கள் எங்கள் மன்றத்தில் வாசித்தார்கள் என்று மலரில் ஒரு கட்டுரை சொல்கிறது. அதைப் பேரேட்டில் தேடியும் காணவில்லை. இவற்றை வைத்து நம்பத்தகுந்த வரலாறு எழுத முடியுமா? எங்கிருந்து தொடங்க வேண்டும்?

ஐந்தொகை:

ஐயா, வேறெதையும் விடப் பேரேட்டிலிருந்தே தொடங்குங்கள். மலர் என்பது விழாவுக்காக, விழாவுக்கு வந்தவர்கள் மனம் மகிழ எழுதப்பட்டது. அழைப்பிதழ், யார் வருவதாக இருந்தது என்பதை மட்டுமே சொல்லும். யார் உண்மையில் வந்தார், பக்கவாத்தியத்துக்கு எத்தனை பேரை அழைத்து வந்தார், ரயிலடியிலிருந்து வண்டிக் கூலி என்ன, சமையலுக்கு என்ன ஆயிற்று, சன்மானம் முழுவதும் கொடுக்கப்பட்டதா பாக்கி நின்றதா என்பவையெல்லாம் பற்று எழுதிய கணக்கப்பிள்ளைக்குத்தான் தெரியும். அவருக்குப் புகழ்ந்து எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. இரவு இருப்புக் கட்டினால் போதும்.

சுபானு ஆண்டு அறுபது ஆண்டுச் சுழற்சியில் 1943-44இலும் 2003-04இலும் வருகிறது. பழைய தமிழ் எண்களில் எழுதிய ஏடு பிந்தையதாக இருக்க வழியில்லை. ஆகவே உங்கள் முதல் பக்கம் 1943 டிசம்பர் நடுவுக்கும் 1944 ஜனவரி நடுவுக்கும் இடைப்பட்டது. சுபானுவின் தை, மாசி, பங்குனி மூன்றும் 1944இல் விழும் என்பதை அட்டவணை போடும்போது மறக்க வேண்டாம்; பல ஊர்களின் தலபுராணப் பலகைகளில்கூட இந்த ஓராண்டுப் பிழை இருக்கிறது.

அதைவிட முக்கியமானது, நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட அந்த முதல் வரவு. முன் ஏட்டுப்படி இருப்பு வந்திருக்கிறது என்றால் அதற்கு முன்னர் ஓர் ஏடு இருந்தது, அதில் வரவு செலவு நடந்து மீதமும் நின்றது என்று பொருள். எனவே 1943 மார்கழியில் மன்றம் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது என்பதை உறுதியாக எழுதலாம். அதற்கு முந்தைய ஆண்டு எதையும் வேறு சான்று கிடைக்கும்வரை 'சொல்லப்படுகிறது' என்றே எழுத வேண்டும், வளைவில் கல்லில் வெட்டியிருந்தாலும் சரி.

விலாசத்தைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. ஒரே விலாசத்தைப் பாட்டனாரும் மகனும் பேரனும் தொழிலில் பயன்படுத்தியிருப்பார்கள். ஆகவே அதை ஒரு தனிமனிதரின் பெயராக விரித்து எழுதிவிடாதீர்கள். உங்கள் ஊர் நகரக் கோயிலின் (நகரத்தார் கோயிலின்) புள்ளி வரிக் கணக்கு, அதாவது குடும்பவாரியாக வாங்கிய வரியின் கணக்கு, அதே ஆண்டுகளுக்குக் கிடைத்தால், எந்த வீட்டார் எந்த விலாசத்துக்கு உரியவர்கள் என்பதை ஒப்பிட்டு அறியலாம். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போன பிறகு அங்கே தொழில் செய்த வீடுகளின் நன்கொடைகள் என்ன ஆயின என்பதையும் அந்தப் பத்திகளிலேயே காண முடியும். அது உங்கள் மன்றத்தின் வரலாறு மட்டும் அன்று, வட்டாரத்தின் வரலாறு.

அரியக்குடி வாசகி:

ஐந்தொகை அவர்கள் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் பேரேட்டுக்கு வெளியே உள்ள சான்றுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். காரைக்குடிச் சகோதரர்களில் மூத்தவரான சுப்பராம ஐயர், வீணையைச் செங்குத்தாக நிறுத்தி வாசித்தவர், 1930களிலேயே காலமாகிவிட்டார். ஆகவே இப்போது உங்கள் கையில் இருக்கும் ஏடுகளில் சகோதரர்கள் இருவரின் கச்சேரி இருக்க வாய்ப்பே இல்லை. இளையவரான சாம்பசிவ ஐயர் 1958 வரை வாழ்ந்தார். அவர் தனியாக வந்திருந்தால் செலவுப் பத்தியில் வீணை என்றோ, சாம்பசிவ ஐயர் என்றோ இருக்கும். மலரின் கட்டுரையாளர் அவருடைய தனிக் கச்சேரியைக் கேட்டுவிட்டுச் சகோதரர்கள் என்று எழுதியிருக்கலாம், தொலைந்துபோன முன் ஏட்டின் காலத்து நிகழ்ச்சியைக் கேள்விப்பட்டும் எழுதியிருக்கலாம். இரண்டில் எது என்று முடிவு செய்யாமல் இரண்டையும் பதிவு செய்யுங்கள்.

பெரிய பெயர்களைச் சேர்த்துக்கொள்ளும் ஆசை நம் பக்கத்தில் இயல்பானதுதான். எங்கள் ஊர் அரியக்குடி இராமானுஜ ஐயங்காரும் சாம்பசிவ ஐயரும் 1952இல் சங்கீத நாடக அகாதெமி விருதை ஒன்றாகவே பெற்றார்கள். அப்படிப்பட்ட மண்ணில் ஒவ்வொரு சபையும் 'அவர் இங்கே பாடினார்' என்று சொல்லிக்கொள்ளும். எங்கள் ஊர்க்காரர்களே அதில் முதலிடம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. 1943 என்பது வெறும் ஆண்டு அல்ல. கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1941இல் தமிழிசை மாநாடு கூடியது. தொடர்ந்து தேவகோட்டை உள்ளிட்ட ஊர்களிலும் மாநாடுகள் நடந்தன. கானாடுகாத்தானில் பிறந்த ராஜா சர் அண்ணாமலை செட்டியார் முன்னின்று 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கத்தை நிறுவினார். அந்த அலை உங்கள் ஊரைத் தொட்டதா என்பதற்கு விடை கச்சேரிப் பட்டியல்களில் இருக்கும். நிகழ்ச்சி நிரலில் தமிழ்ப் பாடல்கள் கடைசித் துக்கடாவாக (இறுதியில் பாடும் சிறு உருப்படியாக) மட்டும் வந்தனவா, நடுவிலும் வந்தனவா என்பதை ஆண்டுவாரியாகப் பாருங்கள். பாட்டுப் புத்தகம் வாங்கிய செலவு எங்காவது எழுதப்பட்டிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முந்தைய ஆண்டுகளுக்குக் காரைக்குடியிலிருந்து வெளிவந்த ஊழியன், குமரன் இதழ்களைப் பாருங்கள். காரைக்குடி இந்து மதாபிமான சங்கம் 1917இல் தொடங்கியதும், 1919இல் பாரதியார் அங்கு வந்ததும் இன்று நமக்குத் தெளிவாகத் தெரிவதற்கு, அந்தக் காலத்தவர் எழுதியும் படம் எடுத்தும் வைத்ததே காரணம். கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் சேர்த்த நூல்கள், இதழ்கள், துண்டறிக்கைகள், திருமண அழைப்பிதழ்கள் எல்லாம் இன்று சென்னை தரமணியில் அவர் பெயரிலேயே உள்ள ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கின்றன. நம் ஊர்ப் பக்கத்துக் காகிதத்தைத் தேடி நாமே சென்னைக்குப் போக வேண்டியிருப்பது சற்று வருத்தம்தான். புதுக்கோட்டை ஞானாலயா நூலகமும் உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது.

மன்றச் செயலர்:

ஐந்தொகை ஐயா அவர்களுக்கும் ஆச்சி அவர்களுக்கும் நன்றி. முன் இருப்பின் பொருளைச் செயற்குழுவில் படித்துக் காட்டினேன். வளைவில் உள்ள ஆண்டை மாற்ற வேண்டாம் என்று ஒருசாரார் இன்னும் சொல்கிறார்கள். நூலில் மட்டும் நீங்கள் சொன்னபடி எழுத இசைந்திருக்கிறார்கள். ஸ்பூல் நாடாக்களைப் பற்றி எவரும் சொல்லவில்லையே? உறுப்பினர் ஒருவர் தம் வீட்டுப் பழைய டேப் ரிக்கார்டரில் போட்டுக் கேட்கலாம் என்கிறார்.

ஒலிக்காப்பாளன்:

தயவுசெய்து அந்த ரிக்கார்டரில் போட வேண்டாம். நெடுநாள் ஓடாத கருவியின் ரப்பர் உருளை இறுகியிருக்கும், ஒலித்தலையில் அழுக்கு ஏறியிருக்கும்; நாடா ஒருமுறை சிக்கிக் கசங்கினால் அந்தப் பகுதியின் பாட்டு மீண்டும் கிடைக்காது. முதலில் ஒவ்வொரு பெட்டியின் மேலும் உள்ளும் எழுதியிருப்பதை அப்படியே படி எடுத்து எண் இடுங்கள். நாடாவின் ஓரத்தில் வெண்ணிறப் பூஞ்சை தெரிந்தால் அதைத் தனியே பிரித்து வைத்துவிடுங்கள். மற்றவற்றை நிற்கும் வாக்கில், ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். ஒலிபெருக்கியின் அருகில் வைக்கக் கூடாது, அதன் காந்தம் பதிவைக் கெடுக்கும்.

பிறகு, ஓடும் நிலையில் பராமரிக்கப்படும் கருவி வைத்திருப்பவரிடம் கொடுத்து, 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில், சுருக்கப்படாத கோப்பாக மாற்றித் தரச் சொல்லுங்கள். இரைச்சலை நீக்கிய பிரதி வேண்டுமானால் அது கூடுதலாக இருக்கட்டும். நீக்காத பிரதிதான் மூலம். பாடகர் இடையில் பேசியதையும் சுருதி சேர்த்ததையும் வெட்டிவிடுவது நம் சபைகளில் வழக்கம். வரலாற்றுக்கு வேண்டியது பல நேரம் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. இணையத்தில் ஏற்றுவதற்கு முன் கலைஞர்களின் வாரிசுகளிடம் எழுத்தில் இசைவு பெற்றுவிடுங்கள்.

ஏடுகளுக்கும் ஒரு சொல். கிழிந்த பக்கங்களில் செலோடேப் ஒட்டுவதும் லாமினேட் செய்வதும் கூடாது. இராமபாணப் பூச்சி தென்படும் ஏடுகளை மரப்பெட்டியிலிருந்து எடுத்துத் தனியாக நிழலில் வைத்து, மென்தூரிகையால் தட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி வையுங்கள். படம் எடுக்கும்போது வெற்றுப் பக்கங்களையும் வரிசையில் எடுங்கள்; எந்தப் பக்கம் கிழிக்கப்பட்டது, எது எழுதப்படாமலே விடப்பட்டது என்பது பின்னால் கேட்கப்படும்.