கிராஷ் கார்டா, ஃப்ரேம் ஸ்லைடரா? விழுந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

புது பைக் வாங்கியதும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். கிராஷ் கார்டு என்பது விழுந்தால் என்ஜினைக் காக்கப் பக்கவாட்டில் வளைந்து நிற்கிற கம்பி, ஃப்ரேம் ஸ்லைடர் என்பது அதே வேலைக்குப் பக்கத்தில் துருத்தி நிற்கிற பிளாஸ்டிக் குமிழ். கம்பி எவ்வளவு தடிமன், கறுப்பா சில்வரா என்று பேசிப் பேசியே பாதிப் பேர் வாங்கிவிடுகிறார்கள். அது வண்டியில் எங்கே, எத்தனை இடத்தில் பிடிக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் முக்கால்வாசி விஷயம் அதில்தான் இருக்கிறது.

என் வண்டி யூ டர்னில் சாய்ந்தது. ஊன்றிய கால் மணலில் வழுக்கியது, வண்டி இடது பக்கம் படுத்துவிட்டது, வேகம் என்று சொல்ல எதுவும் இல்லை. என்னுடையது மேலே என்ஜின் மவுன்ட்டிலும் கீழே ஃப்ரேமிலும் பிடிக்கிற கார்டு, இடதையும் வலதையும் முன்னால் சேர்க்க ஒரு குறுக்குக் கம்பியும் உண்டு. பெயின்ட் ஒரு விரல் நீளத்துக்கு உரிந்தது, ஹேண்டில் முனை வெயிட் தேய்ந்தது, கிளட்ச் லீவரின் நுனிக் குண்டு தெறித்துப் போனது. என்ஜின் மூடியில் ஒரு கீறல் இல்லை.

அதே மாடல்தான் என் நண்பருடையதும். அவர் போட்டிருந்தது பக்கத்துக்கு ஒரே போல்ட்டில் நிற்கிற கார்டு, கம்பி என்னுடையதைவிடத் தடிமன். விழுந்த வேகத்தில் அது அந்த போல்ட்டைச் சுற்றித் திரும்பி, உள்ளே போய் ரேடியேட்டரில் குத்திவிட்டது. கூலன்ட் முழுக்கத் தரையில். கார்டே இல்லாமல் விழுந்திருந்தால் ரேடியேட்டர் தப்பியிருக்கும் என்று மெக்கானிக் சொன்னார், எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். நேரான கம்பு ஒன்றை எடுத்து ஹேண்டில் முனையிலிருந்து ஃபுட்பெக் (கால் வைக்கும் கட்டை) முனை வரை சாய்த்து வைத்துப் பாருங்கள். படுத்த வண்டிக்குத் தரை ஏறக்குறைய அந்தக் கோடுதான். ஹேண்டிலை முழுக்கத் திருப்பியும் ஒரு முறை வைத்துப் பாருங்கள், ஏனென்றால் விழும்போது அது நேராக நிற்காது. கார்டு அந்தக் கோட்டை எட்டவே இல்லை என்றால் அது வெறும் அலங்காரம்.

*

ஒர்க்‌ஷாப்பில் இருப்பவன் என்பதால் ஸ்லைடர் பக்கம் நான் சொல்கிறேன். நீளமாக இருந்தால் பாதுகாப்பு அதிகம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. ஸ்லைடர் ஒரு நெம்புகோல், 4 செ.மீ. துருத்துவதற்குப் பதில் 8 செ.மீ. துருத்தினால் அதே அடிக்கு வேரில் வளைக்கும் விசை இரண்டு மடங்கு. எங்களிடம் வந்த ஒரு வண்டியில் ஸ்லைடர் புதுசு போல இருந்தது, போல்ட்டும் நேராக நின்றது, ஆனால் அலுமினிய ஃப்ரேமில் மவுன்ட் இருக்கிற இடம் விரிசல் விட்டிருந்தது. ஃபேரிங்கை, அதாவது வண்டியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறையை, காப்பாற்றப் போட்ட சாமான் ஃப்ரேமையே காவு வாங்கிவிட்டது. இருந்த போல்ட் பத்தாது என்று 12.9 கிரேடாகத் தேடிப் போட்டிருந்தார்கள் (போல்ட்டின் பலத்தைச் சொல்கிற எண் அது). 8.8 என்றால் இழுவிசைத் தாங்குதிறன் 800 மெகாபாஸ்கல், 12.9 என்றால் 1200. பலமான போல்ட் என்றால் அடி எங்கேயோ போய்த்தானே ஆகணும்? என்ஜின் மவுன்ட் போல்ட்டை மாற்றும்போது கம்பெனி போட்ட கிரேடும் அளவும் எதுவோ அதைச் சொல்கிற கிட்டாகப் பாருங்கள்.

இன்னொன்று, போல்ட் இறுக்கம் பிளாஸ்டிக் மேல் உட்காரக் கூடாது, உள்ளே இருக்கும் உலோகப் புஷ் (சின்னக் குழாய்) மேல்தான் உட்காரணும். பிளாஸ்டிக் நாளாக ஆக அமுங்கும், இறுக்கம் போகும், அப்புறம் தளர்வது ஸ்லைடர் இல்லை, என்ஜின் மவுன்ட். அதே போல போல்ட் தலை உள்ளே ஆழமாகப் புதைந்திருக்கணும். பிளாஸ்டிக் தேய்ந்து முடிந்ததும் இரும்பு சாலையைத் தொட்டால் அது வழுக்காது, பற்றி இழுக்கும். டெல்ரின் மாதிரிக் கெட்டிப் பிளாஸ்டிக் தேய்ந்துகொண்டே வழுக்குவதால்தான் அதை எடுக்கிறார்கள், ரப்பர் முனை வேண்டாம்.

மாட்டும்போது ஒரு பக்கம் முடித்த பிறகு அடுத்த பக்கம். என்ஜினுக்கு அடியில் ஜாக் கொடுங்கள், டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளக்கிற ஸ்பானர்) இல்லாமல் தொடாதீர்கள்.

*

கிராஷ் கார்டு, அதாவது லெக் கார்டு, போட்டால் கால் தப்பும் என்று நினைத்து வாங்குபவர்களுக்காக: 1981இல் வந்த ஹர்ட் அறிக்கை, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார்சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்தது. கணுக்கால், பாதக் காயம் கொஞ்சம் குறைகிறது, ஆனால் அந்த அளவுக்குத் தொடை, முழங்கால், கெண்டைக்கால் காயம் கூடிவிடுகிறது என்று அதில் இருக்கிறது. ஆகக் கணக்கு சரிக்குச் சரி. காலுக்குப் பூட்ஸ் வாங்குங்கள், கார்டு வண்டிக்கு.

*

நான் டிராக்கில் ஓட்டுபவன். எங்களுக்குக் கிராஷ் கார்டே வேண்டாம், வண்டியைச் சாய்க்கும்போது தரையில் இடிக்கும் எதுவும் ஆபத்து. எங்கள் பிரச்சனை வேறு. கீழே சறுக்கும்போது கிளட்ச் மூடியோ ஆல்டர்னேட்டர் மூடியோ தேய்ந்து ஓட்டையாகிவிட்டால் ஆயில் கொட்டும், பின் டயரில் படும், பின்னால் வருபவனும் அதிலேயே விழுவான். அதனால் ரேஸில் மூடிக்கு மேல் இரண்டாவது மூடி போடுவார்கள், பிரேக் லீவர் கார்டும் உண்டு. ரோட்டில் ஓட்டும் ஃபேரிங் வண்டிக்கும் கட்டையான ஸ்லைடர், மேல் மூடி, ஆக்ஸில் ஸ்லைடர் (சக்கர அச்சின் முனையில் வருவது) போதும் என்பேன். சறுக்கல் சரளையிலோ நடைபாதைக் கல்லிலோ போய் முடிந்தால் நீண்ட ஸ்லைடர் கொத்தி வண்டியைப் புரட்டும், அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

*

கரடுமுரடான பாதையில் போகிறவர்கள் முதலில் என்ஜினுக்கு அடியில் அடித்தகடு போடுங்கள், மேல் கம்பி அப்புறம். ஆனால் முன் ஃபோர்க் முழுக்க அமுங்கும்போது டயர் பின்பக்கமாக எவ்வளவு தூரம் வருகிறது என்று பார்க்காமல் வாங்காதீர்கள், மட்கார்டு கம்பியில் அடித்த வண்டிகள் இருக்கின்றன. ஆயில் வடிகட்டும் போல்ட், ஃபில்டர் இரண்டுக்கும் கை போகிறதா? இல்லை என்றால் ஒவ்வொரு சர்வீஸுக்கும் தகட்டைக் கழற்றணும், நாலாவது தடவை அது வீட்டிலேயே தங்கிவிடும்.

ஹேண்ட் கார்டும் அப்படித்தான். வெறும் பிளாஸ்டிக் என்றால் காற்றுக்கும் தூசிக்கும் மட்டும். உள்ளே அலுமினியப் பட்டை ஓடி, இரண்டு முனையும் ஹேண்டிலில் பிடித்தால்தான் லீவர் தப்பும். மாட்டி முடித்ததும் ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, த்ராட்டிலைத் திருகி விட்டுப் பாருங்கள். டப்பென்று திரும்பவில்லை என்றால் முனை கிரிப்பில் உரசுகிறது, இடையில் ஒரு வாஷர் போட்டால் சரியாகிவிடும்.