குழந்தையின் மட்டக்குதிரைக்குச் சேணத்தின் அடியில் போட எந்த பேட்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோத்தகிரி அம்மா

மூன்று வாரமாக மனதை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். மகளுக்கு 7 வயது. குதிரை 11 ஹேண்ட் (ஒரு ஹேண்ட் நாலு அங்குலம்) உயரம், பெயர் மணி. திண்ணை மாதிரி அகலமான முதுகு, தோள்மேடு (கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்து மேடு) இருக்கிறதா என்று தடவித்தான் பார்க்க வேண்டும். சேணத்துக்கு அடியில் இதுவரை மெல்லிய பருத்தி விரிப்புதான் போட்டிருந்தோம். அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இவ்வளவு மெல்லிசாக இருக்கிறதே, பாவம் மணி என்று தோன்றும். ஆன்லைனில் தேடி, இரண்டு விரல் தடிமனில் செயற்கை ரோமம் வைத்த பேட் ஒன்று வாங்கினேன். வெள்ளை வெளேர் என்று பூனைக்குட்டி போல இருந்தது. மகளுக்கு ஒரே சந்தோஷம்.

முதல் நாளே தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே இருக்கும் புல்மேட்டுக்குக் கூட்டிப் போனேன். இறக்கத்தில் ஒரு வாய்ப் புல்லுக்காக மணி தலையைச் சாய்த்தது. அவ்வளவுதான், சேணம் இடது பக்கமாகப் போக ஆரம்பித்தது. வேகமாகக்கூட இல்லை, மெதுவாகத்தான் போனது. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நிற்கிறேன், கை எழவில்லை. மகள் பிடரியைப் பிடித்தபடி பக்கவாட்டில் தொங்குகிறாள். ஹெல்மெட் புல்லில் உரசுகிறது. சேணம் வயிற்றுக்கு அடியில். மணி நாலு காலையும் ஊன்றி அப்படியே நின்றுவிட்டது. "அம்மா, மணி நகரவே இல்லம்மா" என்றாள் மகள், தொங்கிக்கொண்டே.

அவளுக்கு அடி எதுவும் படவில்லை. ஆனால் அந்த பேடைத் தேடி வாங்கியது நான். மெத்தென்று இருந்தால் நல்லது என்று நினைத்தது தப்பா? வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

ஏரிச்சாலை, கொடை

அக்கா, குழந்தை பிழைத்ததே போதும். என்னுடையது வேறு மாதிரி.

கொடைக்கானல் ஏரியைச் சுற்றிக் குதிரை விட்ட குடும்பம் நாங்கள். அப்பாவிடம் நாலு மட்டக்குதிரைகள் இருந்தன. சீசன் என்றால் காலை ஏழு மணிக்குக் கட்டிய சேணம் இருட்டிய பிறகுதான் இறங்கும். அடியில் பழைய கம்பளி, அதற்குக் கீழே சாக்கு. நனைந்தால் மேலே இன்னொரு சாக்கு. பேட் என்று தனியாக ஒன்றை நாங்கள் பார்த்ததில்லை.

ஒரு மே மாதம். மதுரையிலிருந்து வந்த ஒரு சின்னப் பையன் ஏறுவதற்காக நிற்கிறான். சேணத்தை மாற்றிக் கட்ட அப்பா கம்பளியோடு சேர்த்துத் தூக்கினார். குதிரை நல்ல செம்பழுப்பு. தோளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ளங்கை அளவுக்கு வெள்ளை முடி. பையன் கேட்டான்: "இதுக்கு ரெண்டு பொட்டு பிறக்கும்போதே இருந்துதா?" அப்பா பதில் சொல்லவில்லை. கம்பளியைப் போட்டு, சேணத்தை வைத்து, வயிற்று வாரை இன்னொரு துளைக்கு இறுக்கினார்.

பிறக்கும்போது இல்லை. அந்தக் குதிரை எங்களிடம் வரும்போது அது முழுக்கப் பழுப்பாகத்தான் இருந்தது, எனக்கு நினைவிருக்கிறது. அழுத்தம் பட்டுப் பட்டு உள்ளே சதை கெட்டு, முடியின் வேர் பாதித்தால் திரும்ப முளைப்பது வெள்ளையாகத்தான் முளைக்கும். பிறகு பெரும்பாலும் மாறாது. அப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தக் குதிரை இராத்திரி சாப்பிடாமல் அவர் சாப்பிட்டதில்லை. சாக்கு மேல் சாக்காகப் போட்டது முதுகுக்கு நல்லது என்று நினைத்துத்தான்.

குன்னூர் சவாரி

கோத்தகிரி மேடம், மன்னிக்கவும், பேடைக் குறை சொல்லாதீர்கள். வார் தளர்ந்திருக்கிறது. கட்டும்போது மட்டக்குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். எனக்கும் முதல் வருடம் வெலிங்டன் பக்கம் சேணம் சுற்றிக் கீழே விழுந்தேன், மணிக்கட்டு வீங்கியது. அது என் கதை, அவ்வளவுதான்.

இங்கே நிறையப் பேர் படிப்பார்கள் என்பதால் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். வாரை ஒரே மூச்சில் இறுக்காதீர்கள். மெதுவாக இரண்டு தடவை இறுக்கி, பத்து நிமிடம் நடத்திவிட்டு மறுபடி பாருங்கள், கட்டாயம் ஒரு துளை கூடும். பேட் எதுவாக இருந்தாலும் போட்ட பிறகு முன்பக்கம் நடுவில் விரலை விட்டுச் சேணத்தின் வளைவுக்குள் தூக்கிவிடுங்கள். தூக்காமல் கட்டினால் துணி தோள்மேட்டில் டமாரத் தோல் மாதிரி இழுபட்டு நாள் முழுக்க அழுத்தும். போடும்போது கொஞ்சம் முன்னால் வைத்து, முடி படிந்த திசையில் பின்னால் நகர்த்துங்கள். பின்னாலிருந்து முன்னால் தள்ளினால் முடி கலைந்து உறுத்தும்.

அளவு விஷயத்தில் ஏமாறாதீர்கள். பெரிய குதிரைக்கு உரிய பேடை மடித்துப் போடவே கூடாது. மடிப்பு விழுகிற இடத்தில் கோடாகப் புண் வரும். சேணத்தைச் சுற்றி ஓர் அங்குலமாவது வெளியே தெரிய வேண்டும். உள்ளே முடிந்தால் அதன் தையல் விளிம்பே வெட்டும். துணியைப் பொறுத்தவரை என் கருத்து: தினசரிக்குப் பருத்தி. வேர்வையை உறிஞ்சும், துவைக்கலாம், குழந்தையே தூக்கிப் போடலாம். உண்மையான ஆட்டு ரோமம் இன்னும் நல்லது, காற்றுப் போகும், ஆனால் விலை அதிகம், துவைப்பது பெரும் வேலை. செயற்கை ரோமம் பார்வைக்கு அப்படியே இருக்கும், சூட்டை விடாது. ஜெல், நியோப்ரீன் (செயற்கை ரப்பர்) வகைகளும் சூட்டைப் பிடித்து வைக்கும்.

கடைசியாக ஒன்று. நன்றாக ஓட்டிவிட்டு பேடை எடுத்தவுடன் முதுகைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நனைந்திருக்க வேண்டும், முதுகெலும்பு நெடுக உலர்ந்த பாதை இருக்க வேண்டும். நனைந்த இடத்துக்கு நடுவே உலர்ந்த திட்டு தெரிந்தால் அங்கே அழுத்தம் மிக அதிகம், அல்லது சேணம் அந்த இடத்தைத் தொடவே இல்லை. குதிரைமேல் சேணத்தை வைத்துக் கையை உள்ளே விட்டால் எது என்று தெரிந்துவிடும்.

வெள்ளகவி பேரன்

குன்னூர் நண்பர் முதுகெலும்புப் பாதை என்றதும் தாத்தா நினைவு வந்துவிட்டது. எங்கள் ஊருக்கு அப்போது வண்டிப் பாதை கிடையாது. காப்பி, ஆரஞ்சு, மளிகை எல்லாம் குதிரை முதுகில்தான். தாத்தா கடைப் பேட் எதையும் வாங்கியதில்லை. இரண்டு கோணிப்பைகளில் வைக்கோலைத் திணித்து, நடுவில் நாலு விரல் இடைவெளி விட்டு இணைத்துத் தைப்பார். ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். தண்டெலும்பின் மேல் எதுவும் படாது.

எனக்கு ஒன்பது வயதில், மூட்டை ஏற்றாத ஒரு நாள், என்னை அதன்மேல் உட்கார வைத்தார். உட்கார்ந்ததும் நடுவிலிருந்த இடைவெளி குத்துகிறது என்று ஒரு துண்டை மடித்து அங்கே வைத்தேன். தாத்தா ஒன்றும் சொல்லாமல் என்னை இறக்கி, துண்டை உருவி, என் முதுகுத் தண்டில் தன் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழ்வரை அழுத்திக்கொண்டே வந்தார். வலித்தது. மறுபடி ஏற்றிவிட்டார். இப்போது எனக்கு 41 வயது. இப்போதும் எந்தக் குதிரையைப் பார்த்தாலும் அந்தக் கட்டைவிரல் முதுகில் படுகிறது.

ஃபிங்கர்போஸ்ட்

ஊட்டியில் குழந்தைக்குக் குதிரை வைத்திருப்பவர்கள் தடிமனைப் பற்றி யோசிக்கும் முன்னால் ஈரத்தைப் பற்றி யோசியுங்கள். ஜூலை மாதம். எங்கள் வீட்டில் ஒரே ஒரு பேட், ரோமம் வைத்தது. மூன்று நாளானாலும் காயாது. காயாமலேயே போட்டோம், மகன் அழுகிறானே என்று. ஒரு ஞாயிறு காலை தேய்த்துக்கொண்டிருக்கும்போது பிரஷ்ஷோடு முடி கொத்தாக வந்தது. ஒவ்வொரு கொத்தின் அடியிலும் பொருக்கு, பெயிண்ட் பிரஷ் மாதிரி. கீழே ரோஸ் நிறத்தில் ஈரத் தோல். குதிரை தோலை மட்டும் சிலிர்த்தது, விலகவில்லை. மகன் அந்தக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரும்ப ஒட்டப் பார்த்தான்.

கேத்தி தோட்டம்

அது பூஞ்சை. மழைக்காலத்தில் எல்லாக் குதிரைக்கும் வரும். வேப்பெண்ணெயைக் காய்ச்சித் தினம் இரண்டு வேளை தடவுங்கள், பத்து நாளில் போய்விடும். எங்கள் மாட்டுக்கும் அதுதான். அதோடு மஞ்சள் அரைத்துக் கலந்தால் இன்னும் நல்லது. தோல் கடினமாகும்வரை விடாமல் தடவ வேண்டும். துணி போடவே தேவையில்லை, வெறும் முதுகில் ஏறட்டுமே குழந்தைகள், நாங்கள் எல்லாம் அப்படித்தான் ஏறினோம்.

ஃபிங்கர்போஸ்ட்

ஐயா, நானும் பூஞ்சை என்றுதான் எண்ணெய் தடவினேன், அதிகமானது. கால்நடை டாக்டர் பொருக்கை எடுத்துச் சோதித்துவிட்டு டெர்மடோஃபிலஸ் என்றார். அது பாக்டீரியா. ஈரத்தில்தான் பெருகும், எண்ணெய் ஈரத்தை உள்ளேயே மூடிவிடும் என்று திட்டினார். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கரைசலில் கழுவி, துணியால் ஒற்றி உலர்த்தச் சொன்னார். ஒரு குதிரையின் பேட், பிரஷ் எதையும் இன்னொன்றுக்குப் போடக்கூடாது என்றார். குணமாகும்வரை சேணமே கிடையாது. இப்போது மூன்று மெல்லிய பருத்திப் பேட்கள் வைத்திருக்கிறோம், சமையலறை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போடுகிறோம். சோப்புத்தூள் கொஞ்சமாகத்தான், நாலு தண்ணீரில் அலசுகிறோம். சோப்பு தங்கினாலும் அரிக்கும்.

ரேஸ் கோர்ஸில் சைஸாக (குதிரை பராமரிப்பவராக) இருந்த மாமா பேடை 'நம்தா' என்றுதான் சொல்வார். கம்பளி ரோமத்தை அடித்து அழுத்திச் செய்த கெட்டித் துணிக்கு இந்தியில் அந்தப் பெயர். வெள்ளைக்காரர்கள் இங்கிருந்து எடுத்துப்போய் 'நம்னா' ஆக்கினார்கள். அந்தப் பழைய நம்தா அரை விரல் தடிமன்கூட இருக்காது. மாமா அதைத் தினம் வெயிலில் தட்டுவார். அப்போது எனக்கு அது வீண் வேலையாகத் தெரிந்தது.

கோத்தகிரி அம்மா

எல்லோருக்கும் நன்றி. குன்னூர் சார், வாரை நான் இரண்டு தடவை பார்த்தேன். தளர்வாக விடவில்லை. அப்படிச் சொன்னது வருத்தமாக இருந்தது, ஆனாலும் நீங்கள் சொன்ன சோதனையைச் செய்தேன்.

பழைய பருத்தி விரிப்பைப் போட்டு, தெரிந்த பையன் ஒருவனை ஏற்றி ஓட்டச் சொன்னேன். இந்தக் குளிரில் மணிக்கு வேர்க்கவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. சேணத்தை எடுத்தால், தோளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஐந்து ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிதாக, முடி உலர்ந்து நிற்கிறது. சுற்றிலும் ஈரம். கையை உள்ளே விட்டுப் பார்த்தேன், என் விரலே நசுங்கியது.

ஏரிச்சாலை தம்பி, உங்கள் அப்பா குதிரையில் வெள்ளை முடி இருந்த அதே இடம்தானே? அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

குன்னூர் சவாரி

மேடம், வார் விஷயம் பார்க்காமல் பேசிவிட்டேன், மன்னியுங்கள். சேணத்தின் உள்ளே இருக்கும் சட்டம் மணிக்குக் குறுகல். அகலமான முதுகில் குறுகிய சட்டம் முழுசாக உட்காராது, உச்சியில் நிற்கும். இறுக்கமான செருப்புக்குள் தடித்த காலுறை போட்ட மாதிரி, தடித்த பேட் போட்டதும் இன்னும் குறுகி இன்னும் மேலே ஏறியிருக்கிறது. அதனால்தான் மெதுவாகச் சுற்றியது. எந்தப் பேட் வாங்கினாலும் இது சரியாகாது. உலர்ந்த இடத்தில் முடி நிறம் மாறவில்லை என்றால் நல்ல நேரத்தில் பார்த்துவிட்டீர்கள். தொட்டால் சிலிர்க்கிறதா, வீக்கம் இருக்கிறதா என்று தினம் பாருங்கள். இனி இந்தச் சேணம் வேண்டாம்.

ஏரிச்சாலை, கொடை

ஆமாம் அக்கா, அதே இடம்தான்.

குன்னூர் சவாரி

என் மகள் சின்ன வயதில் ஓட்டிய சேணம் பரணில் கிடக்கிறது. அகலச் சட்டம், அவள் குதிரையும் திண்ணை முதுகுதான். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன், தையலும் வாரும் உறுதியாக இருக்கின்றன. கோத்தகிரி பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். முதலில் பேட் எதுவும் இல்லாமல் மணிமேல் வைத்து, முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். உட்கார்ந்தால் வைத்துக்கொள்ளலாம், உட்காரவில்லை என்றால் அதே பஸ்ஸில் திருப்பி அனுப்புங்கள்.