ராமேஸ்வரம் வாலிபால் போட்டி: பையன்களுக்கு லாட்ஜா, மண்டபமா?

தொண்டிக்காரன்:
எங்கள் ஊர் 17 வயதுக்குட்பட்டோர் வாலிபால் அணியோடு அடுத்த மாதம் ராமேஸ்வரம் போகிறோம். சனி, ஞாயிறு ஆட்டம். 12 பையன்கள், கோச், நான். போன வருடம் கல்யாண மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்துப் படுத்தோம். இந்தத் தடவை பெற்றோர் சிலர் லாட்ஜ்தான் வேண்டும் என்கிறார்கள். நாலு அறை, இரண்டு ராத்திரி, அறைக்கு 1,800 ரூபாய், ஆக 14,400. மண்டபம் 5,000-க்குள் முடியும். வசூலுக்கு அலையப்போவது நான்தான், அதனால் என் ஓட்டு மண்டபத்துக்கு.

உச்சிப்புளி அம்மா:
லாட்ஜ்தான் தம்பி. போன தை மாதம் என் மகன் மண்டபத்தில்தான் படுத்தான். ராத்திரி ஒரு மணிக்கு மறுநாள் கல்யாணத்துக்கு நாற்காலி வந்து இறங்கியது, தடதடவென்று. கொசு வேறு. காலை 7 மணிக்கு மேட்ச். சர்வீஸ் போடக் கை எழவில்லை அவனுக்கு. இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். 14,400-ஐ 12 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 1,200. முழங்கால் கேப்புக்கும் ஷூவுக்கும் கொடுக்கிறோமே!

கீழக்கரை செட்டர்:
லாட்ஜில் தூங்குவார்கள் என்று யார் சொன்னது அக்கா? ஒன்பது வருடமாக டீமோடு போகிறேன். ஒரு தடவை ஒருவன் துவைத்த ஜெர்சியை ஃபேன் இறக்கையில் மாட்டி, ரெகுலேட்டரை ஐந்தில் வைத்துவிட்டான், சீக்கிரம் காயுமாம். சுவரெல்லாம் தண்ணீர், இறக்கை வளைந்து போச்சு. அட்வான்ஸ் 2,000-ஐத் திருப்பிக் கேட்டேன். மேனேஜர் அந்த இறக்கையைக் கையில் கொடுத்து அனுப்பினார். மண்டபத்தில் எல்லாரும் கண் முன்னால் கிடப்பார்கள். செல்போனை ஒரு பையில் வாங்கிப் போட்டுவிட்டால் பத்தரைக்கு விளக்கு அணையும்.

உச்சிப்புளி அம்மா:
கண் முன்னால் சரி. வாட்ச்மேன், சமையல்காரர், சீரியல் லைட் போடுகிறவர் என்று மண்டபத்துக்குள் வந்துபோகிறவர்களை யார் கணக்கெடுப்பது? 18 வயதுக்குக் கீழே இருந்தால் பையனும் குழந்தைதான், 2012 போக்சோ சட்டம் அவனுக்கும் சேர்த்துத்தான். லாட்ஜில் ஆதார் வாங்கி ரிஜிஸ்டரில் எழுதுகிறார்கள். நான் பெண்கள் டீமுக்கு மேனேஜராகப் போனபோது ஒன்றே ஒன்றில்தான் கறாராக இருந்தேன்: கோச்சோ நானோ எந்த அறைக்கும் தனியாகப் போகக் கூடாது, இருவராகத்தான், கதவைத் திறந்து வைத்து. பையன்கள் என்றால் மட்டும் இதை ஏன் விட்டுவிடுகிறோம்?

கீழக்கரை செட்டர்:
அது நியாயம். ஆனால் அதை மண்டபத்திலும் செய்யலாமே.

தங்கச்சிமடம் 10:
காக்கா, அக்கா, இரண்டு பேரும் தேதியைக் கேட்கவே இல்லையே. அமாவாசை என்றால் அந்த 1,800 எல்லாம் நடக்காது. அப்படியே கிடைத்தாலும் கோயில் பக்கத்து லாட்ஜ் வேண்டாம். விடியும் முன்பே அக்னி தீர்த்தத்துக்குக் கிளம்பிவிடுவார்கள், பக்கெட் சத்தம், கதவு சத்தம். அப்புறம் உள்ளே 22 தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத் துணியோடு திரும்புவார்கள், வராந்தா முழுக்கத் தண்ணீர். அதில் உங்கள் அட்டாக்கர் வழுக்கி விழுந்தால் போட்டி அங்கேயே முடிந்தது. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பாருங்கள். சொந்த ஊர் என்பதற்காகச் சொல்லவில்லை!

தொண்டிக்காரன்:
ராம்நாட்டிலேயே தங்கிக் காலையில் வேனில் போனால்? 55 கி.மீ.தானே.

தங்கச்சிமடம் 10:
7 மணி மேட்ச்சுக்கு ஐந்துக்கே கிளம்பணும். திரும்பும்போது பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்திக் கடலையும் ரயில் பாலத்தையும் போட்டோ எடுப்பவர்களிடம் மாட்டினால் சாப்பாடு பத்து மணிக்குத்தான்.

தொண்டிக்காரன்:
காலண்டரைப் பார்த்துவிட்டேன். ஞாயிறு அமாவாசை. லாட்ஜுக்குப் போன் போட்டால், "அது சாதா நாள் ரேட் சார்" என்கிறார். இப்போது 3,500.

கீழக்கரை செட்டர்:
மண்டபத்துக்கு இன்றைக்கே அட்வான்ஸ் கொடுங்கள் தம்பி. பஸ் பிடித்து வருகிற கூட்டம் அதையும் எடுத்துவிடும்.

உச்சிப்புளி அம்மா:
கொடுக்கும் முன் தாழ்ப்பாள் விழுகிறதா என்று பாருங்கள். கழிப்பறை எத்தனை என்றும்.