கத்திரிப்பூ கலர் பேனா ரெண்டே வருஷத்துல பழுப்பாயிடுச்சு: மரப் பேனா வாங்குனவங்க, கடைஞ்சவங்க உங்க கதைய சொல்லுங்க

பத்திரக்காரர் மகன்:

கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எங்க அப்பா பத்திர எழுத்தர். சப்-ரிஜிஸ்தார் ஆபீஸ் எதிர்ல ஒரு மேஜை ஒரு ஸ்டூல், முப்பத்தஞ்சு வருஷம், கம்ப்யூட்டர் வந்து எல்லாரும் டைப் பண்ண ஆரம்பிச்ச பிறகும் அவரு குறிப்பெடுக்கறது கணக்குப் போடறது எல்லாம் கையாலதான். நான் என்ன வாங்கிட்டுப் போனாலும் பீரோவுக்குள்ள போயிடும். வாட்ச் போச்சு, ஸ்வெட்டர் போச்சு (தஞ்சாவூர் வெயிலுக்கு ஸ்வெட்டர் வாங்குனது என் தப்புதான்). சரி, பேனான்னா சட்டைப் பாக்கெட்லயாவது இருக்கும்னு 2019-ல நார்த் கரோலினாவுல ஒரு சனிக்கிழமை சந்தையில மரப் பேனா ஒண்ணு வாங்குனேன்.

ரிட்டயர் ஆன ஒரு பெரியவர், மடக்கு மேஜை, மேல கருப்புத் துணி, அதுல முப்பது பேனா இருக்கும், எல்லாம் அவரே வீட்டு கராஜ்ல லேத் வச்சு கடைஞ்சது. ஒவ்வொண்ணு பக்கத்துலயும் மரத்தோட பேரு எழுதுன சீட்டு: படாக், வெங்கே, ஜீப்ராவுட், கோகோபோலோ, பர்ப்பிள்ஹார்ட். நான் ஹோட்டல்ல மெனு படிக்கற மாதிரி படிச்சுட்டே போனேன். இவ்வளவு தூர தேசத்து மரம்லாம் எப்படிங்க கட்டுப்படியாகுதுன்னு கேட்டா, முக்கால் இஞ்சு சதுரத்துல அஞ்சு இஞ்சு நீளத் துண்டு இருந்தா ஒரு பேனா வந்துடும், மேஜை நாற்காலி செய்யறவங்க தூக்கிப் போடற துண்டே போதும்னார்.

நான் எடுத்தது பர்ப்பிள்ஹார்ட். நல்ல கத்திரிப்பூ கலர். சாயம் போட்டதான்னு கேட்டேன். அவரு சிரிச்சுட்டு மேஜைக்கு அடியில இருந்து ஒரு துண்டை எடுத்து பேனாக்கத்தியால சீவிக் காட்டுனார், வெளிய ஊதா, சீவுன இடம் மங்குன பழுப்பு! காத்தும் வெளிச்சமும் பட்டாத்தான் கலர் ஏறுமாம். கயானா, சுரினாம், பிரேசில் பக்கத்து மரம். வெயில்ல வைக்காதீங்கன்னும் சொன்னார், நான் அப்ப பர்ஸைத் தேடிட்டு இருந்தேன், காதுல விழுந்துச்சு மண்டையில ஏறல.

அப்பா பாத்துட்டு "இதென்னடா பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்க வச்சிருக்கற கலரு"ன்னார். ஆனா பாக்கெட்ல குத்திக்கிட்டார். எனக்கு அதுவே போதும். அப்புறம் கொரோனா, ரெண்டு வருஷம் ஊருக்கே போக முடியல. போய்ப் பாத்தா பேனா பழுப்பு! தேங்காய்ச் சிரட்டை கலர்னு வச்சுக்கோங்களேன். எனக்கு வந்த கோவத்துக்கு அந்தப் பெரியவர் சாயம் பூசி ஏமாத்திட்டார்னு முடிவே பண்ணிட்டேன். அப்பா அசரவே இல்ல. "நம்ம வீட்டு வாசல் நிலையப் பாரு, பலா மரம், வச்சப்ப மஞ்சக்கெழங்கு மாதிரி இருந்துச்சு, இப்ப என்ன கலரு? சாயம்னா வெளுக்கும்டா, மரம்னா கறுக்கும்"ங்கறார்.

அவருக்கு இருந்த ஒரே குறை ரீஃபில்தான். தீந்து போய் ஒரு வருஷம் ஆச்சாம், எங்க ஊர்ல மூணு கடை ஏறி இறங்கியும் அந்த ஒல்லி சைஸ் கிடைக்கலையாம். எழுதாத பேனாவைத்தான் தினம் குத்திக்கிட்டுப் போறார். யாராவது வழி சொல்லுங்க. உங்க அனுபவத்தையும் எழுதுங்க.

உப்புத்தாள்:

ஜி, உங்கள யாரும் ஏமாத்தல. நான் கோயமுத்தூர், மோட்டார் பம்ப் பட்டறையில இருந்தவன், இப்ப வீட்டுல சின்ன லேத் போட்டு பேனா கடையறதுதான் பொழுதுபோக்கு. பர்ப்பிள்ஹார்ட் முதல்ல பழுப்பு, அப்புறம் ஊதா, சூரிய வெளிச்சத்துல இருக்கற புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு மறுபடி பழுப்பு. மேல என்ன பாலிஷ் போட்டாலும் தள்ளிப் போடலாம், தடுக்க முடியாது. படாக்கும் அப்படித்தான், வாங்கறப்ப செங்காவி, நாளாக நாளாக காப்பித்தூள். அதனால இப்பல்லாம் யாரு கலரைப் பாத்து கேட்டாலும் ரெண்டு வருஷம் கழிச்சு இப்படி இருக்கும்னு பழைய பேனா ஒண்ணைக் காட்டிட்டுத்தான் விக்கறது. அப்பா சொன்னது முக்கால்வாசி சரி. வால்நட் மாதிரி சில மரம் போகப் போக வெளுக்கும், அதையும் சொல்லிடுங்க.

என் அனுபவம்னா கோகோபோலோதான். மத்திய அமெரிக்க மரம், நம்ம ஈட்டி மரத்தோட (ரோஸ்வுட்) சொந்தக்காரன், ரெண்டும் டால்பெர்ஜியாங்கற ஒரே பேரினம். ஆரஞ்சு, கருப்பு, மெரூன்னு ரேகை ஓடும், கடையறப்ப வாசனை வேற தூக்கும். மூணு பேனா ஒண்ணும் ஆகல. நாலாவது கடைஞ்ச அன்னிக்கு ராத்திரி முழங்கை வரைக்கும் தடிப்பு, கண்ணு இமை வீங்கி காலையில என் பொண்ணு பாத்து பயந்துட்டா. சேராங்கொட்டை பட்ட மாதிரி எரிச்சல். டாக்டரு புதுசா என்ன தொட்டீங்கன்னு கேக்கறாரு, நான் புதுசா இல்லீங்க நாலாவது தடவைன்னு சொல்றேன். இந்தத் தூளு அப்படித்தான், உடம்பு முதல்ல சும்மா இருந்துட்டு அப்புறம் ஒரு நாள் கணக்கைத் தீத்துக்கும். அன்னியில இருந்து மாஸ்க் இல்லாம லேத் பக்கமே போறதில்ல, கோகோபோலோ அடியோட நிறுத்தியாச்சு. மீதி ரெண்டு கட்டை கண்ணாடி அலமாரியில இருக்கு, தூர நின்னு பாத்துக்கறேன்.

கருங்காலி வேற மாதிரி வம்பு. பேனாவுக்கு நடுவுல 7 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு அதுல பித்தளைக் குழாய் ஒட்டணும், குழாய் மேல இருக்கற மரத்தைத்தான் கடையறோம், கடைசியில பாத்தா மரம் ஒரு கனமான தோல் மாதிரிதான் மிஞ்சும். கருங்காலியில ஓட்டை போடறப்ப டிரில் பிட்டு சூடானா போச்சு, டிக்குன்னு ஒரு சத்தம், எடுத்துப் பாத்தா மயிரிழை விரிசல். கால் இஞ்சு போகறது, வெளிய இழுத்து தூளைத் தட்டறது, ஆற விடறது, மறுபடி கால் இஞ்சு. பொறுமை இல்லாதவன் தேக்குல கடையறதே நல்லது.

பாலிஷ் விஷயத்துல எனக்கு ஒரு கருத்து இருக்கு, சண்டைக்கு வராதீங்க. இப்ப எல்லாரும் ஃபெவிக்விக் மாதிரி கோந்தை எட்டுப் பத்து கோட்டு ஏத்தி 12000 நம்பர் உப்புத்தாள் வரைக்கும் தேய்ச்சு கண்ணாடியாக்கிடறாங்க. பாக்க ஜோரா இருக்கும், கீறலும் விழாது. ஆனா கையில தொடறது மரமே இல்ல, பிளாஸ்டிக்! எனக்குப் பிடிச்சது அரக்கு. எங்க அம்மா ஊரு அம்பாசமுத்திரம், சொப்பு சாமான் கடையற பட்டறையில சின்ன வயசுல மணிக்கணக்கா நின்னுருக்கேன், சுத்தற கட்டை மேல அரக்குக் குச்சிய அழுத்துனா அந்தச் சூட்டுலயே உருகி ஒட்டிக்கும், தாழை மடலால தேய்ச்சா மினுங்கும். அதே சூத்திரம்தான் பேனாவுக்கும். வேர்வைக் கைக்கு ஒரு வருஷத்துல தேஞ்சு போகும், உண்மைதான். தேயட்டும், மறுபடி போட்டுக்கலாம்.

ரீஃபில் பத்தி: உங்க பேனா ஸ்லிம்லைன் வகையா இருக்கும், அதுக்கு கிராஸ் கம்பெனி மாடல் ஒல்லி ரீஃபில் வேணும். சின்ன ஊர்ல கஷ்டம், ஆன்லைன்ல போட்டா வந்துடும், ஒரே தடவையா அஞ்சாறு வாங்கி வச்சுடுங்க. அடுத்த பேனா வாங்கறப்ப பார்க்கர் ரீஃபில் ஏறுமான்னு கேட்டு வாங்குங்க, அது சுலபமா கிடைக்கும்.

ஊற்றுப்பேனா:

கருங்காலி மாலை போட்டு முடிச்சாச்சு, இனிமே கருங்காலிப் பேனாவா 😄 ராசிக்கு ஏத்த மாதிரி கடைஞ்சு தருவீங்களா அண்ணே

உப்புத்தாள்:

சிரிக்காதீங்க, நெசமாவே கேக்கறாங்க! முதல்ல எந்தக் கருங்காலின்னே தெரியாது பாதிப் பேருக்கு. மாலைக்காரங்க சிலபேரு சொல்றது வேல மரக் குடும்பத்துச் செங்கருங்காலி, நான் கடையறது டயோஸ்பைரஸ், எபனின்னு சொல்வாங்களே அது. இன்னொரு கூட்டம் செம்மரப் பேனா கேக்கும். ரசீது இல்லாத செம்மரத்தை நான் தொடறதே இல்ல. ஒரு துண்டுதானேம்பாங்க, அந்த ஒரு துண்டு சேஷாசலம் மலையில யாரு முதுகுல இறங்கி வந்துச்சோ. ஈட்டிக்கும் இப்ப கெடுபிடி, 2017 ஜனவரியில டால்பெர்ஜியா பேரினம் மொத்தத்தையும் சைட்டீஸ் (அருகி வர்ற உயிரினங்களோட சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தற ஒப்பந்தம்) பட்டியல்ல கொண்டு வந்துட்டாங்க, வெளிநாட்டு ஆர்டர் வந்தா காகிதம் பாக்காம அனுப்பறதில்ல. பழைய கட்டில் கால், ஒடஞ்ச நாற்காலி, அதுல கிடைக்கற ஈட்டியே எனக்குப் போதும். நல்லா வைரம் பாஞ்ச கட்டை, புதுசுல கூட அப்படிக் கிடைக்காது.

கடலோரம்:

நான் நாலு வருஷம் தான்சானியாவுல, டார் எஸ் சலாம்ல இருந்தேன். அங்க ம்வெங்கேன்னு ஒரு இடத்துல மரச்சிற்பக்காரங்க சந்தை இருக்கு, மகொண்டே இனத்து மக்களோட மரச்சிற்பம் அங்கதான் வாங்குவாங்க. மரம் பேரு ம்பிங்கோ, கிளாரினெட்டும் ஓபோவும் செய்யற அதே கருப்பு மரம். உப்புத்தாள் அண்ணன் சொன்ன டால்பெர்ஜியாதான் இதுவும். வெளிய ஒரு விரல் தடிமனுக்கு வெண்ணெய் கலர், உள்ள மை மாதிரி கருப்பு, நல்லா விளைய அறுபது எழுபது வருஷம் ஆகும்னு சொன்னாங்க.

முதல் தடவை போனப்ப பேரம் பேசி ஜெயிச்சுட்டேன்னு மிதப்புல நாலு பேனா வாங்கிட்டு வந்தேன். ஆபீஸ்ல வெள்ளைச் சட்டை போட்டுட்டு போன அன்னிக்கு பாக்கெட்ல கருப்புக் கறை. மோந்து பாத்தா ஷூ பாலிஷ்! ஏதோ சாதா மரத்துக்கு பூட் பாலிஷ் தேய்ச்சு வித்துருக்கான். கூட வேலை பாத்த உள்ளூர்க்காரர் வயித்தைப் பிடிச்சுட்டு சிரிச்சார். அப்புறம் அவரே கூட்டிட்டுப் போய் காட்டிக் கொடுத்தார்: கையில வச்சா கல்லு மாதிரி கனக்கணும், துண்டைத் தண்ணியில போட்டா முழுகணும், அடியில நகத்தால சுரண்டுனா கருப்பு வரக் கூடாது. அன்னிக்கு வாங்குன ஒண்ணே ஒண்ணு இன்னும் என்கிட்ட இருக்கு. வெள்ளை விளிம்பு கொஞ்சம் விட்டு கடைஞ்சது, அதுதான் எனக்கு அத்தாட்சி.

பனிப்பெட்டி:

மிச்சிகன்ல இருந்து ஒரு சின்னக் கதை. சென்னையில மச்சான் கடைஞ்சு கொடுத்த ஈட்டிப் பேனா, நவம்பர்ல கொண்டு வந்தேன், ஜனவரியில நீளவாக்குல வெடிச்சுடுச்சு. கீழ கூடப் போடல. ஹீட்டர் போட்ட வீட்டுக் காத்து எலும்பு வரைக்கும் காயும், மரம் சுருங்குது, உள்ள இருக்கற பித்தளை சுருங்க மாட்டேங்குது, மரம் எங்க போகும் பாவம். மச்சான்கிட்ட இன்னும் சொல்லல. வீடியோ கால்ல விரிசலை அந்தப் பக்கம் திருப்பி வச்சுக்கறேன்.

உப்புத்தாள்:

சொல்லிடுங்க மாப்ள, அவருக்குத் தெரிஞ்சாதான் அடுத்த கட்டையை இன்னும் ஆறு மாசம் காய விடுவாரு. விரிசல்ல அதே மரத்தூளை அடைச்சு ஒரு சொட்டு ஃபெவிக்விக், ஆறுனதும் உப்புத்தாள். கிட்டப் போய்த் தேடுனாதான் தெரியும்.

பத்திரக்காரர் மகன்:

எல்லாருக்கும் நன்றி. ரீஃபில் ஆர்டர் போட்டாச்சு, ஆறு. நேத்து அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு இதெல்லாம் படிச்சுக் காட்டுனேன். உப்புத்தாள் அண்ணன் வெளிச்சம் படற விஷயம் சொன்னதுல ஒரு சந்தேகம் வந்து, அப்பா அந்த கிளிப்பைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கன்னேன். கண்ணாடியை மாட்டிட்டு ஜன்னல் பக்கம் போய் ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பாத்தார். கிளிப்புக்கு நேர் கீழ மட்டும் ஒரு கோடு, இன்னும் கத்திரிப்பூ கலர்லயே இருக்காம்.

"ம்"ன்னார். அப்புறம், "ரீஃபில் என்னிக்கு வரும்னு போட்டுருக்கான்?"