புதுப்பிப்பு: கவகவா வரை காரில் போய் வந்தோம்

நியூசிலாந்தில் ஆக்லாந்திலிருந்து வடக்கே கவகவாவுக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓட்டிப்போய் ஒரு பொதுக் கழிப்பறையைப் பார்ப்பது தகுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம். கட்டாயம் தகும்.

ஆஸ்திரியாவில் பிறந்த ஓவியர் ஹுண்டர்ட்வாசர் கடைசிக் காலத்தில் வடிவமைத்தது இது. 1999இல் திறந்தார்கள், அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். உள்ளே ஒரு கோடுகூட நேராக இல்லை. சுவரில் பதித்த கண்ணாடிப் பாட்டில்களின் வழியே பச்சையும் பழுப்புமாக வெளிச்சம் கசிந்து ஓடுகளில் விழுகிறது. கூரையில் புல் வளர்கிறது. அங்கிருந்த மரத்தை வெட்டாமல் கட்டடத்தோடு சேர்த்தே கட்டியிருக்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். வெளியே வந்தால் கடைத்தெரு நடுவிலேயே ரயில் தண்டவாளம்!

அப்புறம், வைப்போவா காட்டில் ‘தானே மஹுட்டா’ (Tāne Mahuta) என்று பெயர் வைத்திருக்கும் கவுரி (kauri) இன மரத்தையும் பார்த்தோம். உயரம் 45 மீட்டருக்கு மேல். அண்ணாந்து பார்த்தபடி என் மகள் வெகுநேரம் பேசவே இல்லை. நோய்க் கிருமி வேர்களுக்குப் பரவாமலிருக்க நுழைவிலேயே செருப்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தயவுசெய்து அதைத் தவிர்க்காதீர்கள்.

ஓட்டுவது நம்மூர் போல இடப்பக்கம்தான், சிரமமில்லை. ஒருவழிப் பாலங்களில் மட்டும் கவனம்: உங்கள் பக்கம் சிவப்பு அம்பு சிறியதாக இருந்தால் நின்று எதிர்வண்டிக்கு வழிவிடுங்கள்.